பதினான்கு நாளுக்கு ஓர் எண்

பத்தொன்பது தாள்களையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு அந்த வியாழக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பதும் ஒரே குரலில் ஏதோ சொல்லின. என்ன சொல்லின என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் மனநிலையை அளக்கும் பணியை எங்கள் குழு எடுத்திருந்தது. குழு என்றால் மூன்று பேர். மூவரும் காட்பாடியில் ஒரே பல்கலைக்கழகத்தில் வேறு வேறு துறைகளில் பாடம் நடத்துகிறோம். நான் உளவியல், ஜான்சன் பொருளாதாரம், எழிலரசி மானிடவியல். தொழிற்சாலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து, நிரப்பி வாங்கியிருந்தோம்.

தாளில் பத்துக் கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் எப்படி இருந்தது, தூக்கம் எப்படி இருந்தது, வீட்டாரோடு இருந்த நேரம் எப்படி இருந்தது என்று போகும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண்ணுக்கு வட்டம் போட வேண்டும். ஒன்று மிக மோசம், ஏழு மிக நன்று. பத்து எண்களையும் கூட்டினால் ஒருவருக்கு எழுபதுக்கு இத்தனை என்று வரும். தொழிற்சாலையின் சராசரி நாற்பத்தாறு. தையல் பிரிவுப் பெண்களில் சிலர் அறுபது, சிலர் இருபத்தைந்து, பலர் நடுவில். எந்தக் கூட்டத்தை அளந்தாலும் மனிதர்கள் இப்படிச் சிதறித்தான் கிடப்பார்கள்.

செலக்‌ஷன் பிரிவில் மட்டும் பத்தொன்பது பேரும் முப்பதுக்குக் கீழே.

செலக்‌ஷன் என்பது தோலைத் தரம் பிரிக்கும் இடம். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று செலக்டர் சொல்வார். தொழிற்சாலையில் மதிப்பான வேலை அது. ஏசி இல்லாவிட்டாலும் காற்றோட்டம் உண்டு. தோல் ஊறும் தொட்டிப் பக்கத்து நாற்றம் அங்கே எட்டாது. பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே மேசையில் இருப்பவர்கள். மேற்பார்வையாளரைக் கேலி செய்யும் துணிச்சல் அந்த வளாகத்திலேயே அவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. இவர்களா இந்த அளவுக்கு இடிந்துபோயிருக்கிறார்கள்?

பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் பணியாளர் மேலாளர் ஜெயப்பிரகாஷ் போன் செய்தார்.

"மேடம், உங்க பேப்பர்ல ஒருத்தர் ரெட்ல வந்துட்டாரு. தன்சீல் அகமது, செலக்‌ஷன். பதினேழு மார்க்கு. டேபிள விட்டு எறக்கி ஸ்டோர்ல உக்கார வெச்சிருக்கோம்."

"எதுக்கு எறக்குனீங்க? நான் இன்னும் அவரைப் பாக்கவே இல்லையே."

"பையர் போட்ட ரூலு மேடம். இருபதுக்குக் கீழ வந்தா, நீங்க கையெழுத்துப் போட்ற வரைக்கும் பொறுப்பான வேலை தரக் கூடாது. திங்கக்கெழம புது ஆர்டர் செலக்‌ஷன் ஆரம்பிக்குது. ஹெட் டேபிள் அவருக்குன்னு பேசி வெச்சிருந்தோம். சனிக்கெழமைக்குள்ள நீங்க சைன் பண்ணலேன்னா ராணிப்பேட்டைலேர்ந்து வேற ஆளு வர்றாரு. வந்து உக்காந்தவர நாளைக்கி எழுப்ப முடியுமா, சொல்லுங்க?"

வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் இப்படி ஒரு விதியைப் போட்டது தாள்களெல்லாம் திரும்பி வந்த பிறகுதான். தாளில் பெயர் எழுத வேண்டும் என்று தொழிற்சாலை கேட்டபோதே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஆகவே அந்த மனிதரின் மேசை போனால் அதில் என் பங்கும் உண்டு.

மதிய ரயிலில் மூவரும் ஆம்பூர் போனோம். ஜான்சன் வருகைப் பதிவேட்டைப் பார்க்கப் போனார். எழிலரசி செலக்‌ஷன் பிரிவில் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் ஸ்டோருக்குப் போனேன்.

தன்சீல் அகமதுக்கு முப்பத்தேழு வயது. அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம். பைத்தியத்தப் பாக்க வந்தீங்களா?"

"அப்படி யாரு சொன்னது பாய்?"

"யாரும் சொல்லல, அதான் பேஜாரு. டீ வாங்கிக் குடு, டீ வாங்கிக் குடுன்னு என்ன புடுங்குற பசங்க, இன்னிக்கி அவங்களே வாங்கியாந்து குடுத்துட்டு தோளத் தட்டிட்டுப் போறாங்க. அப்பவே புரிஞ்சிடுச்சு, நம்ம கதை முடிஞ்சுதுன்னு."

தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். படுத்தால் காலையில் பள்ளிவாசல் பாங்கு சத்தத்துக்குத்தான் எழுவதாகச் சொன்னார். சாப்பாடு, வீடு, வேலை, நண்பர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தன. மகள் மஹீன் மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டாளாம். மனைவி சகீனா தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டாளாம்.

"அப்புறம் ஏன் பாய் பேப்பர்ல ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கீங்க? ஒண்ணுன்னா ரொம்ப மோசம்னு அர்த்தம்."

"படிக்கத் தெரியும் மேடம். இன்னா கேட்டீங்களோ அதுக்குத்தான் போட்டேன். ஒண்ணு போட வேண்டிய எடத்துல ஒண்ணு போட்டேன்."

"ஏன் போட வேண்டி வந்தது?"

அவர் பெட்டிகளைப் பார்த்தார். "அத வுடுங்க" என்றார்.

அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் சிரித்துப் பேசிய ஒருவரை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய், மறுவாரம் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு நான் சிரிப்பை அளவுகோலாக வைப்பதில்லை. பதினேழு என்று ஒரு தாள் சொல்கிறது. நன்றாக இருக்கிறேன் என்று ஆள் சொல்கிறார். இரண்டில் எது பழுது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது.

மாலை ரயிலில் கூட்டம் குறைவு. மூவருக்கும் எதிரெதிரே இடம் கிடைத்தது. காட்பாடிக்கு முக்கால் மணி நேரம்.

"அவருக்கு மனச்சோர்வு இருக்கலாம், மூடி மறைக்கலாம்" என்று தொடங்கினேன். "ஆம்பளைங்க நேர்ல சொல்ல மாட்டாங்க, பேப்பர்ல சொல்லுவாங்க. பத்தொன்பது பேரும் அப்படி இருக்கலாம்."

ஜான்சன் சிரித்தார். "ஃபீபி, மனுஷன் வாயில சொல்றதயும் நான் நம்ப மாட்டேன், பேப்பர்ல எழுதுறதயும் நம்ப மாட்டேன். கால் எங்க போவுதுன்னு பாப்பேன். அஞ்சு வருஷத்துல அந்த செக்‌ஷன விட்டு ஒருத்தன் போவல. லீவு மொத்த ஃபேக்டரியிலயே அங்கதான் கம்மி. இவ்ளோ நொந்துபோனவன் தெனம் இப்படி ஓடி வருவானா?"

"நொந்துபோனவனும் வருவான். வராம எப்படிச் சாப்பிடுறது?"

"சரி, அப்ப இப்பிடிப் பாரு. அவங்க டேபிள்ல ஒண்ணுன்னா இன்னா? ஃபர்ஸ்ட் குவாலிட்டி. ஏழுன்னா குப்பை. நம்ம பேப்பர்ல தலைகீழா இருக்கு. பழக்க தோஷத்துல மாத்திப் போட்டுட்டாங்க. எண்ணத் திருப்பிப் போடு, முடிஞ்சுது வேலை."

எனக்கும் காலையிலேயே இது தோன்றியிருந்தது. அதனால் தாளின் மேலே பழக்கத்துக்காகக் கொடுத்திருந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்து வைத்திருந்தேன். 'ஆம்பூர் வெயில் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்?' என்பது கேள்வி. தாள் கொடுத்தது மே மாதம். பத்தொன்பது பேரும் ஒன்றுக்கு வட்டம் போட்டிருந்தார்கள்.

"திருப்பிப் போட்டா, பத்தொன்பது பேருக்கும் ஆம்பூர் வெயில் உசிரு" என்றேன்.

"மே மாசத்துல அதப் புடிக்கும்னு சொல்றவன் இருந்தா, அவனத்தான் மொதல்ல வேலையை விட்டு நிறுத்தணும்" என்று ஒப்புக்கொண்டார் ஜான்சன்.

எழிலரசி அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபீபி அக்கா, நீங்க அவர் மண்டைக்குள்ள எட்டிப் பாக்குறீங்க. ஜான்சன் சார் அவர் காலைப் பாக்குறாரு. நான் மூணு மணி நேரம் அவங்க கையை மட்டும் பாத்தேன்."

"கையில இன்னா இருந்துச்சு?"

"ஒரு தோலுக்கு ஏழெட்டு செகண்டுதான். விரிச்சுத் தடவுறாங்க. கை ஓடிட்டே இருக்கும், ஒரு எடத்துல டக்குன்னு நிக்கும். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளுக் கீறல், தோல உரிக்கும்போது பட்ட கத்தி, ஏதோ ஒண்ணு. கை நின்ன அதே நிமிஷம் வாயி நம்பர் சொல்லிடுது. மிச்சத் தோலு எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, அதுக்கப்புறம் அதப் பாக்குறதே இல்ல. தழும்பு நடு முதுகுல இருந்தா, அது ஒண்ணே ஒண்ணுன்னாலும் போச்சு. நாலாம் தரம், அஞ்சாம் தரம்."

ஜான்சன் முன்னால் சாய்ந்தார். கேலிச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பதிவேட்டோட மெமோ ஃபைலையும் பாத்தேன். தரத்த ஜாஸ்தியா போட்டுட்டா அந்தத் தோல்ல தச்ச ஷூ திரும்பி வரும். லாட்டுச் சீட்டுல, அதான் ஒவ்வொரு கட்டுத் தோலோடயும் போற சீட்டுல, செலக்டர் கையெழுத்து இருக்கும், அவன் பேருக்கு மெமோ. தரத்தக் கம்மியா போட்டா? யாருக்கும் தெரியவே தெரியாது. நல்ல தோலு மட்டமான பையில போய்ச் சேரும், எவனும் ஃபோன் பண்ண மாட்டான். கம்மியா போட்டுத் தப்பு பண்ணவனுக்கு இதுவரைக்கும் ஒரு மெமோ கூட இல்ல."

மேல்பட்டியில் வண்டி நின்றது. எனக்கு என் தாளைப் பற்றியே முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துறையும் ஆராய்ச்சியைத் தொடங்கும் முன்பே மனிதன் எப்படிப்பட்டவன் என்று ஒன்றை நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. ஜான்சனின் துறைக்கு மனிதன் தேர்ந்தெடுப்பவன். எதை எடுத்தான், எதை விட்டான் என்று பார்த்தால் போதும், அவன் மனதைக் கேட்க வேண்டியதில்லை. எழிலரசியின் துறைக்கு மனிதன் தனி ஆளே இல்லை. சேர்ந்து வேலை செய்பவர்களின் பழக்கம் அவன் கண்ணிலும் கையிலும் ஓடுகிறது. என் துறை மனதை ஒரு பானைபோல நினைக்கிறது. உள்ளே தண்ணீர் ஏதோ ஒரு மட்டத்தில் நிற்கிறது, அந்த மட்டத்தைப் பானையே பார்த்துச் சொல்லிவிடும் என்று நம்புகிறது.

'கடந்த இரண்டு வாரத்தில் மனம் எப்படி இருந்தது' என்று கேட்கும்போது நான் இன்னொன்றையும் நம்புகிறேன். கேட்கப்பட்டவர் பதினான்கு நாளையும் மனதில் கொண்டுவந்து, நல்லதையும் கெட்டதையும் கலந்து, நடுவாக ஓர் எண் சொல்வார் என்பது அது. அதாவது சராசரி எடுப்பார். தாளில் எங்கும் 'சராசரி எடுங்கள்' என்று நான் எழுதவில்லை. எழுதத் தோன்றியதே இல்லை. யாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் சராசரி எடுக்கவே கூடாது என்று பத்து ஆண்டுகளாகப் பழக்கப்பட்ட ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால்? விரித்த தோலில் தொண்ணூறு பங்கு பழுதில்லை, ஆகவே தொண்ணூறு மதிப்பெண் என்று சொல்லும் செலக்டருக்கு அடுத்த வாரமே மெமோ வந்துவிடும். தழும்பைத் தேடு, தழும்பை வைத்து எண்ணைச் சொல், சந்தேகம் வந்தால் குறைத்துச் சொல். அவருடைய தொழிலே அதுதான்.

இது உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டியில் மறுபடி ஆம்பூர் போனேன். செலக்‌ஷன் பிரிவில் எட்டுப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் தாளையே காட்டி, "இந்த எண்ணைப் போடும்போது எது ஞாபகத்துக்கு வந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தையல் பிரிவில் எட்டுப் பேரிடமும் அதையே கேட்டேன்.

தையல் பிரிவுப் பெண்கள் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். சங்கீதா என்ற பெண் சொன்னது போல: "எதுவும் ஞாபகம் வரல மேடம். ஓடுது, பரவால்ல. நாலு போட்டேன்."

செலக்டர்கள் எட்டுப் பேரும் ஒரு நாளைச் சொன்னார்கள். தேதியோடு சொன்னார்கள். ஒருவருக்கு அண்ணனோடு வாய்ச்சண்டை, இன்னொருவருக்குப் பல்வலி, மற்றொருவருக்கு மைத்துனர் கல்யாணத்தில் நடந்த அவமானம். மற்ற பதின்மூன்று நாட்கள் எப்படி என்று கேட்டால், "அது நல்லாதான் இருந்துச்சு" என்று, ஏன் கேட்கிறேன் என்பதே புரியாமல் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு ஸ்டோருக்குப் போனேன்.

"பாய், நேத்து நீங்க சொல்லாம விட்டது ஒரு நாள் சமாச்சாரம்தானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சகீனா போன் பண்ணிட்டாளா?"

"இல்ல. மத்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு நாள் சொன்னாங்க. உங்களோடதும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீங்க பேப்பர் குடுத்ததுக்கு முந்துன நாயித்துக்கெழம அமிர்தி போயிருந்தோம். அருவில தண்ணி கூட இல்ல, சும்மா புள்ளைக்கு மான் காட்டலாம்னு. சகீனா டிபன் எடுத்து வெச்சிக்கினு இருந்தா. மஹீன என் பொறுப்புல வுட்டா. நான் போன்ல மேட்ச் ஸ்கோர் பாத்துக்கினு இருந்தேன். நிமிந்தா புள்ள இல்ல." அவர் கை தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "நாப்பது நிமிஷம் மேடம். காடு அது. கத்துறேன், என் சத்தமே திரும்பி வருது. அப்புறம் மான் கூண்டுக்குப் பின்னாடி உக்காந்துக்கினு இருக்கா, மானுக்கு எல போட்டுக்கினு. 'இன்னா அத்தா கத்துற'ன்றா."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் இன்னா? சகீனா ரெண்டு நாளு திட்டுனா, முடிஞ்சுது. வீட்ல சிரிப்பா ஆயிடுச்சு. ஆனா நீங்க ரெண்டு வாரம் எப்பிடின்னு கேட்டீங்க. அந்த நாப்பது நிமிஷம் அந்த ரெண்டு வாரத்துக்கு நட்டநடுவுல இருக்குது. அத வெச்சிக்கினு மேல எப்பிடிப் போட்றது?"

"மத்த நாளு நல்லா இருந்துச்சுன்னா மூணு, நாலுன்னு போடலாமே."

"பொய்யில்லையா அது?" என்றார், உண்மையாகவே திகைத்துப் போய். "நடுவுல கத்தி பட்ட தோல ஓரம் நல்லா இருக்குதுன்னு மூணுல தள்ள முடியுமா?"

அவர் தாளைத் தப்பாக நிரப்பவில்லை. என்னைவிட நேர்மையாகவே நிரப்பியிருந்தார். பழுது தாளில் இருந்தது.

பழுது தெரிந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட அது போதாது. அவருக்கு ஒரே ஒரு கெட்ட நாள்தான் இருந்தது என்பதும் அவர் வாய்ச்சொல்தானே? அளக்க வேறு வழி வேண்டும். தையல் பிரிவுக்குச் சரியாக அளக்கும் ஒன்று, செலக்‌ஷன் பிரிவுக்கும் சரியாக அளக்க வேண்டும்.

எழிலரசியைப் போனில் கூப்பிட்டேன். "அவங்க எதை நல்லா செய்வாங்க?" என்று கேட்டேன்.

"பிரிக்கிறத" என்றாள் உடனே. "நெறைய தோலைக் குடுத்தா, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பிரிச்சுத் தள்ளுவாங்க. ஒத்தத் தோல மட்டும் குடுத்து எப்படின்னு கேட்டா, எந்த லாட்டுன்னு கேப்பாங்க. நீங்க ஒத்தத் தோலக் குடுத்துட்டீங்க அக்கா. ரெண்டு வாரத்தையும் ஒட்டி ஒரே தோலாக்கிக் குடுத்துட்டீங்க."

இரண்டு வாரத்தைப் பிரித்துவிட்டால் என்ன? தொழிற்சாலை எழுத்தரிடம் கெட்டி அட்டை வாங்கி, அவரும் நானுமாக ஆளுக்குப் பதினான்கு துண்டாக வெட்டினோம். ஒரு துண்டுக்கு ஒரு நாள், தாளில் கேட்ட அதே இரண்டு வாரம். மேலே தேதியும் கிழமையும். நாள் நினைவுக்கு வருவதற்காக, அன்று அவர் பிரிவில் ஓடிய வேலையைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு வரி எழுதினோம். சீட்டுகளைக் கையில் கொடுத்து, நல்ல நாள், நடுத்தர நாள், கெட்ட நாள் என்று மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். கூட்டுவதும் சராசரி எடுப்பதும் இனி எங்கள் வேலை. அவர்கள் நாளை மட்டும் பார்த்தால் போதும்.

"மொதல்ல தையல்ல பாரு" என்றார் ஜான்சன் போனில். "அங்க பேப்பர் சரியாத்தான் அளக்குது. சீட்டும் பேப்பரும் அங்க ஒத்துப்போச்சுன்னா ரெண்டும் ஒரே சமாச்சாரத்ததான் அளக்குதுன்னு அர்த்தம். ஒத்துப்போவலேன்னா உன் சீட்ட தூக்கிக் குப்பையில போடு."

வெள்ளி மதியம் தையல் பிரிவில் இருபது பேருக்குச் சீட்டுக் கொடுத்தேன். தாளில் மேலே இருந்தவர்கள் சீட்டிலும் மேலே இருந்தார்கள். தாளில் கீழே இருந்த மூவருக்கும் சீட்டில் கெட்ட நாட்களே அதிகம். வரிசையில் இரண்டு மூன்று பேர் ஓரிடம் முன்பின்னாக மாறினார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை செலக்‌ஷன் பிரிவில் மேசைகளை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். பத்தொன்பது பேரும் நின்றார்கள். தன்சீல் அகமதையும் ஸ்டோரிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். இரண்டு நாளைக்குப் பிறகு தன் மேசைக்கு வந்தவர், உட்காராமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வாசலில் நின்ற ஜெயப்பிரகாஷ் சீட்டுக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கையெழுத்துக் கேட்டா ரம்மி ஆட ஆரம்பிச்சுட்டீங்க?" என்றார்.

"நீங்களும் ஒரு கை ஆடுறீங்களா சார்?"

"ஐயோ, என் பதினாலையும் கெட்ட நாளு அடுக்குல வெச்சா என் டேபிளே போயிடும்."

நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக முடிந்தது. தையல் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடமானது. இங்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டைப் பார்ப்பதும் தள்ளுவதும் ஒரே அசைவாக இருந்தது. 'அமாவாசைக்கு முந்துன நாளு, கறுப்பு லாட்டு ஓடுச்சு, நல்ல நாளு' என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார்கள். ஒருவர் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து, "டேய், அன்னிக்கி எனக்கு அம்பது தோலு ஜாஸ்தி, உனக்கு மட்டும் எப்பிடிடா நல்ல நாளு?" என்று சண்டைக்குப் போனார். தன்சீல் அகமது பதினொரு சீட்டை நல்ல நாளில் வைத்தார். இரண்டை நடுவில் வைத்தார். அது மனைவி திட்டிய இரண்டு நாள். கடைசியில் அமிர்தி போன ஞாயிற்றுக்கிழமைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதித்தார். பிறகு அதைத் தனியாக, மேசையின் கடைசி ஓரத்தில் வைத்தார்.

ஒருவருடைய மேசையில் எனக்கு வேறொன்று தெரிந்தது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தாளில் அவருக்கு இருபத்தெட்டு. அந்தப் பிரிவில் அதிகமான எண்களில் ஒன்று. அவருக்கு அமிர்தி போல ஒரு நாள் இல்லை. கை நிற்கிற மாதிரித் தழும்பு எதுவும் இல்லாததால் தாளில் மேலே நின்றுவிட்டார். சீட்டில் நான்கு நடுவில், பத்து கெட்டதில். நல்ல நாள் என்ற இடம் காலியாக இருந்தது. அவரிடம் மற்றவர்கள் போனபிறகு பேசினேன். இப்போதும் வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் மேசையை விட்டு இறங்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. பழைய தாளை நம்பியிருந்தால் நன்றாக இருந்தவரை இறக்கியிருப்போம், உதவி வேண்டியவரைக் கடந்து போயிருப்போம்.

பதினொன்றரை மணிக்கு ஜெயப்பிரகாஷின் அறையில் எண்களைக் காட்டினேன்.

"அந்த ரூல்ல இருபதுக்குக் கீழன்னு இருக்கே மேடம். பையர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"இருபதுங்குறது சராசரி எடுக்குறவங்களுக்குப் போட்ட கோடு சார். இவங்க எடுக்குறதில்ல. அவங்க எடுக்கக் கூடாதுன்னுதான் நீங்க வேலைக்கே வெச்சிருக்கீங்க. ரெண்டு பிரிவோட சீட்டுக் கணக்கையும் சேர்த்து அனுப்புறேன். சந்தேகம்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

அவர் படிவத்தைத் தள்ளினார். தன்சீல் அகமது பொறுப்பான வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராணிப்பேட்டை ஆளுக்கு வர வேண்டாம் என்று என் முன்னாலேயே போன் செய்தார் ஜெயப்பிரகாஷ். கேள்வித்தாளில் இனிப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை எங்கள் மூவர் பெயரிலும் பல்கலைக்கழகத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பிய குறிப்பு அரைப் பக்கம்தான். அதன் சாரம் இது: தரம் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு நீண்ட காலத்துக்கு ஒரே எண்ணைக் கேட்கக் கூடாது, அவர்கள் அதில் உள்ள மிக மோசமான இடத்துக்கு எண் கொடுப்பார்கள். காலத்தை நாள் நாளாகப் பிரித்து, நாளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். கெட்ட நாட்கள் எத்தனை என்று எண்ண வேண்டியவர் ஆராய்ச்சியாளர். பதினான்கில் ஏழுக்கு மேல் கெட்ட நாளாக இருந்தால் அவரோடு அன்றே பேச வேண்டும்.